இரண்டாவது ஆள்

விடிவதற்கு முன்பே அந்த அறையில் வெக்கை ஏறிவிடும். ஆட்டோகிளேவ் என்கிற அந்தப் பெரிய இரும்பு உருளைக்குள் நீராவி சீறிக்கொண்டு புகும்போது சுவரெல்லாம் வியர்க்கும். ஆஸ்பத்திரி முழுக்கப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற அந்த நேரத்தில், ஆவியக்கா முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, முந்தின நாள் அறுவை சிகிச்சைக்குப் போய் வந்த கத்தரிகளையும் இடுக்கிகளையும் தொட்டியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள். இடுக்கியின் பல்லிடுக்கில் காய்ந்து போன ரத்தம் லேசில் வராது. வெந்நீரில் ஊற வைத்து, சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். பிறகு துடைத்து, பச்சைத் துணியில் இரண்டு சுற்றாக மடித்துக் கட்டி, உருளைக்குள் அடுக்க வேண்டும். குனிந்து குனிந்து இடுப்பு ஒரு வழியாகிவிடும்.

ஆவியக்கா என்றதும் பேய் பிசாசு சமாச்சாரம் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். பதினாலு வருஷம் நீராவியில் வெந்ததால் ஆஸ்பத்திரி வைத்த பெயர் அது. புதிதாக வருகிற இளம் டாக்டர்கள்தான் "ஆவியக்காவைக் கூப்பிடுங்க" என்று யாராவது வராந்தாவில் கத்தினால் ஒரு நிமிடம் முழிப்பார்கள்.

அந்த அறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு துணி மூட்டையின் மேலும் ஒரு டேப் ஒட்டுவார்கள். அதில் வெளிறிய கோடுகள் இருக்கும். போதுமான சூட்டில் போதுமான நேரம் ஆவி பட்டால் அந்தக் கோடுகள் கறுத்துவிடும். கறுக்கவில்லை என்றால் உள்ளே கிருமி சாகவில்லை என்று அர்த்தம். மூட்டையை உள்ளே வைத்தவர் வெளியே எடுக்கக் கூடாது. வைத்தவர் "கறுத்துச்சா?" என்று கேட்பார். எடுக்கிற இரண்டாவது ஆள் ஒவ்வொரு டேப்பையும் பார்த்துவிட்டு "கறுத்துச்சு" என்பார். அந்தப் பதில் காதில் விழுந்த பிறகுதான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் மூட்டைக்குக் கை நீட்டுவார். இது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. அந்த அறை தொடங்கிய காலத்தில் வேலை பார்த்தவர்கள் தாங்களாகவே உண்டாக்கி, அடுத்து வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் அந்த அறையையும், துணி வெளுப்பதையும், தரை துடைப்பதையும், ஸ்ட்ரெச்சர் தள்ளுவதையும் ஒரு கான்ட்ராக்டர் கையில் தூக்கிக் கொடுத்தது. சீர்திருத்தம் என்று சுற்றறிக்கையில் எழுதியிருந்தார்கள். சீர்திருத்தம் வந்த மாதமே ஆறு பேர் மூன்று பேரானார்கள். ஒரு ஷிப்டுக்கு ஒருத்தர். இரண்டு உருளைகளில் ஒன்று, கதவில் மாட்டுகிற ரப்பர் வளையம் கிழிந்து போய், ஏழு மாதமாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டரிலிருந்து அந்த அறைக்கு வந்துகொண்டிருந்த லைனையும் பிடுங்கி, புதிதாகத் திறந்த கட்டணப் பிரிவின் ஏசிக்குக் கொடுத்துவிட்டார்கள். பணம் கொடுத்துப் படுக்கிறவர்களுக்கு வியர்க்கலாமா?

தனியாள் ஆனதிலிருந்து ஆவியக்கா கேள்வியையும் தானே கேட்டாள், பதிலையும் தானே சொன்னாள். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. கேள்விக்கு ஒரு குரல், பதிலுக்கு ஒரு குரல் என்று மாற்றிப் பேசி தியேட்டர் சிஸ்டரைச் சிரிக்க வைப்பாள். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது, வழக்கம் மட்டும் நாக்கில் தங்கிவிட்டது.

அன்றைக்கு அவள் இரண்டாவது ஷிப்டைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து வர வேண்டியவர் முதுகுவலியில் படுத்துவிட்டார். மாற்றாள் அனுப்பச் சொன்னதற்கு கான்ட்ராக்டர் ஆபீசில் "நீங்களே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கம்மா" என்றார்கள். காலையில் ஐந்து மூட்டைகளை உள்ளே வைத்துக் கதவை இறுக்கி, அலாரத்தைத் திருகி வைத்துவிட்டு, மாடி வார்டில் கிடந்த அழுக்குத் தட்டுகளை எடுத்துவரப் போனாள். முன்பெல்லாம் அதற்கு வேறு ஆள் இருந்தது. அவள் மாடியில் இருந்தபோது கரண்ட் போய், வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. நல்ல வெளிச்சம் வந்துவிட்டதால் வார்டில் அது யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் தியேட்டர் சிஸ்டர் நின்றுகொண்டு, "ஆவியக்கா, பிரசவக் கேஸு! குழந்தைக்கு நாடி இறங்குது. செட்டக் குடுங்க, சீக்கிரம்!" என்று கத்தினார். அழுத்தம் காட்டுகிற முள் கீழே கிடந்தது. நேரம் முடிந்து ஆவி தானாக இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கதவைத் திறந்தாள். முகத்தில் வெக்கை அடித்தது, மூட்டைகளும் ரப்பர் உறையை மீறிக் கையைச் சுட்டன. கையில் மூன்றை அள்ளிக்கொண்டே, "கறுத்துச்சா? கறுத்துச்சு" என்றாள். சிஸ்டர் வாங்கிக்கொண்டு ஓடினார்.

மிச்சமிருந்த இரண்டை அலமாரியில் அடுக்கப் போனபோதுதான் பார்த்தாள். டேப்பில் கோடுகள் வெளிறிக் கிடந்தன.

இன்னொன்றைத் திருப்பினாள். அதுவும் அப்படியே. அறையில் வேறு யாரும் இல்லை. இரண்டையும் மறுபடி உள்ளே வைத்துவிட்டால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. அந்த நினைப்பு அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, ஒரு முழு நிமிடம் நின்றது. பிறகு ரப்பர் உறையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் தியேட்டரை நோக்கி ஓடினாள்.

உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. டாக்டரம்மா தையல் போட்டுக்கொண்டிருந்தார். கதவருகிலேயே நின்று ஆவியக்கா விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு வேறு கருவிகள் கேட்டார், மருந்தின் பெயர்களைச் சொன்னார், போட்ட தையலைப் பிரித்தார். வேலையெல்லாம் முடிந்து வெளியே வந்தபின், "நீங்க வந்து சொன்னதால இப்பவே மருந்து ஏத்திட்டோம். சொல்லலேன்னா சீழ் வச்சப்புறம்தான் காரணம் தேடிக்கிட்டிருப்போம்" என்றார். குரலில் கோபமும் இருந்தது, அதற்கு மேல் களைப்பும் இருந்தது.

மருந்து உயிரைப் பிடித்து நிறுத்தியது. ஆனாலும் மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. ஐந்தாம் நாள் வயிற்றுத் தையல் பிரிந்தது. இருபத்துநாலு வயதுப் பெண். காயத்தைத் திறந்து வைத்து தினமும் இரண்டு வேளை கட்டு மாற்றினார்கள். அந்த அலறல் கீழே ஆவியறை வரைக்கும் கேட்டது.

தையல் பிரிந்த மறுநாள் கான்ட்ராக்டர் காரில் வந்து இறங்கினார். ஆவியக்காவை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமல் ஒரு தாளை நீட்டினார்.

"படிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடும்மா."

படித்தாள். அவளுடைய கவனக்குறைவால் தவறு நடந்தது, நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தானாகவே வேலையை விட்டு விலகுகிறேன் என்று டைப் அடித்திருந்தது.

"தப்பு என்னுதுதான் சார். அத நான் எங்க வேணா எழுதித் தரேன். அந்த அறையில நான் தனியா நின்னேன்னு ஒரு வரி சேத்துக்குங்க."

"கத எழுதச் சொல்லல உன்ன. நீ பண்ணத எழுதியிருக்கு, அவ்வளவுதான்."

"ரெண்டு பேரு நின்னிருந்தா நடந்திருக்காது சார். பன்னெண்டு வருஷம் நடக்கலையே."

"உலகத்துல எத்தனையோ ஆஸ்பத்திரியில ஒத்த ஆள்தான் பாக்குறாங்க. டேப்பப் பாக்குறதுக்கு ரெண்டு கண்ணு போதாதா? நாலு கண்ணு வேணுமா?"

"ரெண்டு கண்ணும் மாடியில தட்டு பொறுக்கப் போயிருந்துச்சே சார்."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "உன்ன யாரு தியேட்டருக்கு ஓடச் சொன்னா? ஆபரேஷன் பண்ணுன வயித்துல காய்ச்சல் வர்றதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் டயம். போடலேன்னா போலீசுக்கு எழுதிக் குடுத்துருவேன். அப்புறம் கோர்ட்டுல போயி நாலு கண்ணு, எட்டு கண்ணுன்னு பேசிக்க."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்காரர் பெயின்டர். விரல் நகமெல்லாம் நீலச் சாயத்தோடு உட்கார்ந்து அந்தத் தாளை மூன்று முறை படித்தார். "போட்டுக் குடுத்துட்டு வந்துடு. போலீசு, கேசுன்னு அலைய நம்மால முடியாது. பொண்ணு பன்னெண்டாவது எழுதப் போறா. வேற எங்கயாவது ரெண்டு வீட்டுல பாத்திரம் தேச்சாக்கூட வண்டி ஓடிரும்" என்றார். அவர் பயந்த சுபாவம் இல்லை. மூன்று மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பீடி பிடிக்கிற மனிதர். அவரே இப்படிச் சொன்னது அவளை உலுக்கியது.

"போட்டுரலாம். எனக்கும் நிம்மதிதான்" என்றாள். "ஆனா நான் போனதுக்கப்புறம் என் ஷிப்டையும் சேத்து சின்னவதான் தனியா நிப்பா. அவ நாக்கும் நாலு மாசத்துல என் நாக்கு மாதிரி ஆயிரும். இன்னொரு பொண்ணு வயித்துல போயி விடியும்." சின்னவள் என்பது ஆவியறை மூவரில் இளையவள்.

வீட்டுக்காரர் தாளை மடித்து அவளிடமே கொடுத்தார்.

சாயங்காலம் ஆவியக்கா மாடி வார்டுக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தப் பெண் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் மல்லாந்து கிடந்தாள். அவளுடைய அம்மா குழந்தையைப் பக்கவாட்டில் பிடித்து அவள் மார்பில் வைத்துக்கொண்டிருந்தார். குழந்தை லேசாகக் காலை உதைத்தாலும் அவள் பல்லைக் கடித்தாள்.

"நான்தாம்மா அந்த மூட்டையக் குடுத்தவ."

அந்த அம்மா எழுந்துவிட்டார். "வந்துட்டியா? எம் பொண்ணக் கூறு போட்டது பத்தாதுன்னு பாக்க வேற வந்துட்டியா?" பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் கையைத் தூக்கி அம்மாவை நிறுத்தினாள்.

"எதுக்கு வந்தீங்க? மன்னிப்புக் கேக்கவா?"

"இல்லம்மா. கேக்குற மொகம் எனக்கு இல்ல. என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

சொன்னாள். டேப்பையும், கரண்ட் போனதையும், ஏசிக்குப் போன லைனையும், தானே கேட்டுத் தானே பதில் சொன்னதையும், கோட்டைப் பார்த்த பிறகும் ஒரு நிமிடம் சும்மா நின்றதையும்கூடச் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. அந்தப் பெண் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது, துடைத்துக்கொள்ளவில்லை.

"சரி, போங்க" என்றாள். ஆவியக்கா போனாள்.

மறுநாள் விடியற்காலையில், துணி வெளுக்கிற கூடத்தின் பின்னால், ஷிப்டு மாறுகிற நேரத்தில் ஆட்கள் கூடினார்கள். சின்னவள்தான் எல்லாரையும் கூட்டியிருந்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஆளும் வந்திருந்தார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற வண்டியண்ணன், துணி வெளுப்பவர்கள், தரை துடைப்பவர்கள் என்று இருபது பேருக்கு மேல். வெள்ளை உடையோடு தியேட்டர் சிஸ்டர் வந்து நின்றதும் எல்லாருக்கும் ஆச்சரியம். அவர் அரசாங்க வேலைக்காரர். அவருக்கு இதில் வந்து மாட்டிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

"இன்னைலேருந்து யாரும் ஒரு மூட்டையும் தொடக்கூடாது" என்றாள் சின்னவள். "மொத்தமா நிறுத்துவோம். அப்பத்தான் புத்தி வரும்."

"யாருக்கு வரும்?" என்றார் வண்டியண்ணன். "கான்ட்ராக்டர் பொண்டாட்டி இங்கயா பிரசவத்துக்கு வரப்போறா? நான் தள்ளிட்டு வர்றது எல்லாம் நம்மள மாதிரி ஆளுங்கதாம்மா. மூட்டை இல்லேன்னா அதுங்கதான் சாகும்."

"அப்ப ஷிப்டு முடிஞ்சவங்க சும்மா வந்து ரெண்டாவது ஆளா நிக்கலாமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நின்னா கான்ட்ராக்டருக்குக் கொண்டாட்டம்தான். காசில்லாம ஆள் கெடைச்சுட்டாங்கன்னு இன்னும் ரெண்டு பேரத் தூக்கிருவாரு" என்று இன்னொருவர் மறுத்தார்.

பேச்சு இழுத்தது. கடைசியில் தியேட்டர் சிஸ்டர்தான் வாயைத் திறந்தார். "அவசரக் கேஸுக்கு மூட்டை நிக்கக் கூடாது. அதுக்கு யாரு கையில வேல இருந்தாலும் போட்டுட்டு வந்து ரெண்டாவது ஆளா நிக்கணும், நானும் நிக்கிறேன். ஆனா நாள் குறிச்சுப் பண்ற ஆபரேஷனுக்கு ஒத்த ஆள் குடுக்குற மூட்டைய நான் வாங்க மாட்டேன். அதப் பெரிய டாக்டர்கிட்ட எழுதியே குடுக்குறேன். அன்னைக்கு ஜன்னல்ல நின்னு அவசரப்படுத்துனது நானு. நானும் டேப்பப் பாத்திருக்கலாம், பாக்கல. இந்தம்மா ஒருத்தி தலையில மட்டும் இதக் கட்டுனா எனக்குத் தூக்கம் வராது."

யாரும் கை தட்டவில்லை. கோரிக்கைகளை ஒரு மனுவாக எழுதி, ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஷிப்டுக்கு இரண்டு ஆள், கிழிந்த ரப்பர் வளையத்துக்குப் புதிது, ஜெனரேட்டர் லைன் திரும்ப வேண்டும், பழையபடி அரசாங்கமே அந்த அறையை நடத்த வேண்டும், ஆவியக்கா மேல் நடவடிக்கை கூடாது. எழுத வராத இருவர் மையில் பெருவிரலைத் தோய்த்து வைத்தார்கள்.

பத்து மணிக்குப் பெரிய டாக்டரின் அறை வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆலோசனை நடக்கிறதாம். கதவைத் திறந்துகொண்டு கான்ட்ராக்டர் மட்டும் வெளியே வந்தார். கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நேராக ஆவியக்காவிடம் போனார்.

"கையெழுத்து எங்க?"

"எங்க எல்லாரோடதும் இந்த மனுவுல இருக்கு சார்."

"ஓகோ!" அவர் குரலை உயர்த்தினார். வராந்தாவில் காத்திருந்த நோயாளிகள் எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்றே உயர்த்தினார். "மேல ஒரு பொண்ணு வயித்தப் பொளந்துகிட்டுக் கெடக்கு. அதுக்குக் காரணம் நீ. இப்ப அதக் காட்டியே கூட்டம் சேக்குறியா? வெக்கமா இல்ல உனக்கு?"

முந்தின இரவெல்லாம் ஆவியக்கா தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி அது. அவள் தலை தானாகக் கவிழ்ந்தது. பின்னால் நின்றவர்களில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரோரமாக இரண்டு பேர் மெதுவாக நகர்ந்தார்கள். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் பாதிக் கூட்டம் கரைந்திருக்கும்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்று படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

அந்தப் பெண்தான். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையில் மருந்து ஏறுகிற பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, படி இறங்கி வந்த வேகத்தில் மூச்சு வாங்கி நின்றாள். பின்னால் அவளுடைய அம்மா குழந்தையோடு வந்தார். முகம் முழுக்கச் சிடுசிடுப்பு. வண்டியண்ணன் ஓடிப்போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"உங்கள நான் மன்னிக்கல" என்றாள் ஆவியக்காவிடம். "அத மொதல்ல சொல்லிடறேன். எம் புள்ளய என்னால இன்னும் மடியில போட முடியல."

"தெரியும்மா."

பிறகு அவள் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினாள். "இவங்க வந்து என்கிட்ட எல்லாத்தையும் சொன்னாங்க. நீங்க ஒரு தடவகூட மாடி ஏறி வரல. எந் தங்கச்சிக்கு அடுத்த மாசம் பிரசவம். எங்களுக்கு வேற ஆஸ்பத்திரி கெடையாது, இதே தியேட்டர்தான். அந்த ரூம்ல ரெண்டு பேரு நிக்கப் போறாங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

கான்ட்ராக்டர், அதெல்லாம் அரசாங்கம் முடிவு செய்வது, ஒப்பந்தத்தில் அப்படி இல்லை என்று என்னென்னவோ சொன்னார். யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. வராந்தாவில் சீட்டோடு உட்கார்ந்திருந்த நோயாளிகளில் இரண்டு பெண்கள் எழுந்து வந்து கூட்டத்தோடு நின்றார்கள். அதைப் பார்த்து, கைக்கட்டோடு இருந்த ஒரு ஆளும் எழுந்தார். சுவரோரமாக நகர்ந்த இருவரும் பழைய இடத்துக்கே வந்தார்கள். கான்ட்ராக்டர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தப் பெண் இப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாட்டில் மடியோடு இறங்கிவிட்டது. குழாயில் ரத்தம் மெல்லப் பின்னோக்கி ஏறத் தொடங்கியது. அவளுடைய அம்மாவின் கைகளில் குழந்தை. அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் நின்றது ஆவியக்காதான்.

"இதக் கொஞ்சம் ஒசத்திப் புடிங்க" என்று பாட்டிலை நீட்டினாள்.

ஆவியக்கா இரண்டு கையாலும் வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். குழாயில் ஏறிய சிவப்பு மெல்ல இறங்கி மறைந்தது. உள்ளே மேஜை தட்டுகிற சத்தமும் உயர்ந்த குரல்களும் கேட்டன, கதவு திறக்கவில்லை. மணி பதினொன்றாகி, பதினொன்றரையும் ஆனது. தோள்பட்டை கடுக்கத் தொடங்கியபோது சின்னவள் பக்கத்தில் வந்து, "குடுங்கக்கா, கொஞ்ச நேரம் நான் புடிக்கிறேன்" என்று கையை உயர்த்தினாள்.